நாலணா சூரியன்

"இந்தச் சவத்தை எல்லாம் எடைக்குப் போடப் போறேன். ஒனக்கு வேணும்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து பாத்துக்கோ!" என்று மாமி போனில் சொன்னபோது, மாமாவைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு நிமிஷம் பதறிவிட்டேன்.

அப்படி இல்லை. மாமாவின் நெகட்டிவ்கள்.

மாமா நாகர்கோவில் வடசேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். செல்போனில் எல்லோரும் போட்டோகிராபர் ஆனபிறகு கடையை ஏறக்கட்டிவிட்டு, அங்கிருந்த சாமான்களை வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து அடுக்கினார். லைட் ஸ்டாண்டு, குடை, தாஜ்மகால் வரைந்த திரைச்சீலை, கைக்குழந்தைகளை உட்கார வைக்கும் மரக்குதிரை எல்லாம் ஒவ்வொன்றாக விலை போய்விட்டன. போகாமல் நின்றவை 41 பெட்டிகள். செருப்புப் பெட்டி, பிஸ்கெட் டின், வேட்டி டப்பா என்று எது கிடைத்ததோ அது. உள்ளே வெண்ணெய்த்தாள் கவர்களில் நெகட்டிவ். ஒவ்வொரு கவரிலும் நம்பர். நம்பருக்கு ஒரு பேரேடு.

மாமிக்கு அந்த அறை வேண்டும். வாடகைக்கு விட்டால் மாசம் மூவாயிரம் வரும். நியாயம்தானே?

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், குடும்பத்தில் பி.காம். படித்துவிட்டு ஆபீஸுக்குப் போகாமல் இருக்கிற ஒரே ஆசாமி நான்தான். பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன் என்றால் "அது சரி, வேலை என்ன பாக்கிய?" என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர். எனவே கல்யாண வீட்டு மொய்க் கணக்கு, கோயில் வரி பாக்கி, இந்த மாதிரி எடைக்குப் போடும் வைபவங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் ஆடிட்டர். சம்பளம் ஒரு காப்பி, இரண்டு ரசவடை.

நான் போனபோது பழைய பேப்பர்காரர் ஏற்கெனவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கவரைப் பிரித்து, நெகட்டிவை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கலர் பிலிமுல்லா... கறுப்பு வெள்ளைன்னா வெலை உண்டு."

எனக்குப் புரியவில்லை. மாமாதான் விளக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளித் துகள். கழுவின பிறகும் பிலிமிலேயே இருக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமுக்கு இன்றைக்கும் கிராக்கி. கலர் பிலிமைக் கழுவும்போதே வெள்ளியை எல்லாம் கரைத்து எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது வெறும் சாயம். ஆக, எங்கள் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு வெள்ளி விலை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் விலை!

மாமாவுக்கு அப்போதுதான் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. எம்.ஜி.ஆர். மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாமி சொல்வதை மறுத்தும் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஐம்பது வருஷ தாம்பத்யத்தில் கற்றுக்கொண்ட நிலைப்பாடு அது.

"மாமா, நீங்க எடுத்ததிலேயே உங்களுக்குப் பிடிச்ச படம் எது?" என்று கேட்டேன். ஒரு பத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். ஒரு கட்டுரையும் தேறும்.

"நாலாம் நம்பர் டப்பா. மேல உள்ள கவர எடு."

எடுத்தேன். சதுர நெகட்டிவ். நூற்றியிருபது பிலிம். அத்துடன் ஒரு பிரின்ட்டும் இருந்தது. கன்னியாகுமரிக் கடற்கரை. புது மாப்பிள்ளை, புதுப்பெண். மாப்பிள்ளை உள்ளங்கையை நீட்டியிருக்கிறார். கைமேல் சூரியன் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதிரிப் படம் இல்லாத ஆல்பம் தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் இந்தச் சூரியனிடம் ஏதோ கோளாறு. மாப்பிள்ளையின் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

கதை இதுதான். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தை 1970 செப்டம்பரில் ஜனாதிபதி வி.வி. கிரி திறந்துவைத்தார். அதற்குப் பிறகு கன்னியாகுமரிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. 1972-ல், பத்தொன்பது வயதில், ஒரு யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாமா கடற்கரைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு எடுத்து அன்றைக்கே கொடுக்கிற வசதி கிடையாது. பணத்தை முன்னால் வாங்கிக்கொண்டு, விலாசத்தை எழுதிக்கொண்டு, பிரின்ட்டைத் தபாலில் அனுப்புவார்கள். காசையும் கொடுத்துவிட்டு, ஊர் பெயர் தெரியாத ஒருத்தனை நம்பி ரயிலேறிப் போனார்கள் பாருங்கள், அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கோயில் கட்டலாம்!

இந்த ஜோடி ராஜபாளையத்துக்காரர்கள். அன்று சாயங்காலம் பூராவும் மேகம். "சூரியன் வந்திரும் அண்ணாச்சி, கைய மட்டும் அசைக்காம நீட்டுங்க" என்று மாமா அரைமணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார். சூரியன் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெறும் கையோடு ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் கடிதம் வந்தது: 'படம் கிடைத்தது. நான் தங்களிடம் பிச்சை கேட்பது போல் இருக்கிறது. என் மாமனார் வீட்டில் சிரிக்கிறார்கள்.'

மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இருட்டறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பிரின்ட் போடும் காகிதத்தில் ஒளி படாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அப்படியானால், மாப்பிள்ளை கைக்கு மேலே வட்டமாக எதையாவது வைத்து மறைத்துவிட்டால்? சட்டைப் பையில் இருந்த சில்லறையை எடுத்தார். அஞ்சு பைசா சதுரம். பத்து பைசாவின் ஓரமெல்லாம் அலை அலையாக, செம்பருத்திப் பூ மாதிரி. எட்டணா ரொம்பப் பெரிது. நாலணா ஒன்றுதான் சூரியனுக்குத் தோதாக அமைந்தது. அதற்கும் படத்தைப் பெரிய சைஸில் போட வேண்டியிருந்தது. காகிதச் செலவு கைநஷ்டம்.

"மேல ஒரு கடுதாசி வந்துது பாரு" என்றார் மாமா. அதுவும் கவரிலேயே இருந்தது. 'படம் மிக்க மேன்மை. மாமனார் வீட்டிலும் ஒரு பிரதி கேட்கிறார்கள். எவ்வளவு அனுப்ப வேண்டும்?'

அதன்பிறகு அந்த நாலணா இருட்டறையில் ஒரு ஆணிக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். மழைக்காலத்துக்கு என்று. 2011 ஜூன் கடைசியோடு நாலணா செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தபோது, "நம்ம சூரியன் அஸ்தமிச்சாச்சுடே" என்று மாமா எனக்குப் போன் செய்தது ஞாபகம் வந்தது. அப்போது அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. ஏதோ உடம்பு சரியில்லையோ என்று பயந்து ஓடினேன்.

கடற்கரையில் நின்ற காலத்தில் வடக்கேயிருந்து வந்த ஒருவர், "விவேகானந்தர் பாறையில் தியானம் செய்தாரே, அந்த ஒரிஜினல் போட்டோ எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாராம். சுவாமிஜி 1892 டிசம்பர் கடைசியில் அந்தப் பாறைக்குப் போனார். பரிவ்ராஜக சந்நியாசி, கையில் காசு இல்லை, நீந்திப் போனார் என்பார்கள். அதை யார் படம் எடுத்தார்கள்? நாம் எல்லோரும் வீட்டில் மாட்டியிருக்கிறோமே, கையைக் கட்டிக்கொண்டு தலைப்பாகையோடு நிற்பது, அது மறு வருஷம், 1893 செப்டம்பரில், சிகாகோவில் தாமஸ் ஹாரிசன் என்பவரின் ஸ்டூடியோவில் எடுத்தது.

"நம்ம ஊருல நடந்ததுலயே பெரிய சங்கதி அது. அதுக்குப் படம் இல்ல. நாலணா சூரியனுக்குப் படம் இருக்கு. என்ன செய்ய!" என்றார் மாமா.

இரண்டாவது கவர் ஒரு சிற்பி. பெயர் எழுதவில்லை, 'கல்வேலை' என்று மட்டும் இருந்தது. 2000 ஜனவரி முதல் தேதி முதல்வர் கருணாநிதி திருவள்ளுவர் சிலையைத் திறந்துவைத்தார் அல்லவா? 38 அடி பீடம், 95 அடி சிலை, மொத்தம் 133. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால் ஒரு ஆள் ஸ்டூடியோவுக்கு வந்து, கரையில் நின்று வள்ளுவரின் தலையைத் தான் தொடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாராம். டூரிஸ்டுகள் எடுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. கையை நீட்டச் சொன்னால், ஒரு விரலில் நகம் கிடையாது. உளி வாங்கின அடி. பேச்சுக்கொடுத்தபோதுதான் சிலையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்திருக்கிறது. "நெசமாவே தொட்ட ஆளு, தொடுகது மாதிரி படம் எதுக்குவே?" என்று மாமா கேட்டதற்கு, "நெசமாத் தொட்டப்ப யாரும் எடுக்கலியே" என்றாராம்.

மாமா காசு வாங்கவில்லை. பேரேட்டைப் பார்த்தேன். 'இலவசம்' என்று எழுதியிருந்தது.

பேரேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு கணக்குப் படித்தவனைப் பொறுத்தவரை அது ஒரு துப்பறியும் நாவல். தேதி, பெயர், நம்பர், எத்தனை காப்பி, அட்வான்ஸ், பாக்கி. பாக்கி வந்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு. கோடு விழாதவை எக்கச்சக்கம். படம் எடுக்கச் சொல்லிவிட்டு வாங்க வராதவர்கள். பெண் பார்க்க அனுப்பப் படம் எடுத்துவிட்டு, அதற்குள் காதலித்து ஓடிப்போனவள். பாஸ்போர்ட் படம் எடுத்தவனுக்கு விசா வரவில்லை. நிச்சயதார்த்தம் எடுத்தார்கள், கல்யாணம் நின்றுவிட்டது. ஆல்பத்தை யார் வாங்குவது? எங்கள் பாடத்தில் இதற்கு வராக்கடன் என்று பெயர். வருஷக் கடைசியில் தள்ளுபடி செய்துவிட்டு ஐந்தொகையைச் சரிக்கட்ட வேண்டும். மாமா ஒன்றைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. "வருவாங்க" என்பார். எப்போது வருவார்கள்? "வரும்போது வருவாங்க!"

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன், 2005 ஜனவரிக்கு வந்ததும் நின்றேன். சிவப்புக் கோடும் இல்லை, பாக்கியும் இல்லை. மூன்று மாதத்துக்குத் தொகைப் பத்தியே காலி. ஊர்ப் பெயர்கள் மட்டும். குளச்சல். கொட்டில்பாடு. மேலமணக்குடி. கீழமணக்குடி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பதினைந்து வயது. கிறிஸ்துமஸ் லீவு. கேமரா பையைத் தூக்குவதற்கு மாமா என்னை அழைத்துப் போவது வழக்கம். அன்று மணக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ஞானஸ்நானம். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஆட்கள் ஓடிவந்தார்கள். எங்களுக்குப் புரியவில்லை. கடல் எப்படி வரும்? சுனாமி என்ற வார்த்தையை அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கேள்விப்பட்டோம். பழையாறு கடலில் சேருகிற இடத்தில் இருந்த மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கி எறிந்திருந்தது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பேர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். குமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் போனார்கள்.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாமா மட்டும் போனார். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் திரும்பினார். கேமரா பை மணல் மணலாக இருந்தது. மாமி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குளித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். என்ன பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இந்தப் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அன்னைக்குப் படம் எடுத்தீங்களா மாமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அடையாளம் தெரியாதவர்களைப் புதைப்பதற்கு முன்னால் முகத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும், ஆள் இல்லை, நீர் கேமரா வச்சிருக்கீரே என்று ஒரு அதிகாரி கையைப் பிடித்துக் கேட்டாராம். ஒரு ரோல். முப்பத்தாறு. எடுத்து, சுருட்டி, டப்பாவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"அந்த ரோலுக்கு நான் நம்பர் போடல கேட்டியா."

அதே சுனாமியில், அதற்கு இரண்டு நாள் கழித்து, கடலூரில் ராய்ட்டர்ஸ் போட்டோகிராபர் ஆர்கோ தத்தா எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணலில் ஒரு பெண் குப்புறக் கிடக்கிறாள். இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்து விரிந்திருக்கின்றன. ஓரத்தில், இறந்துபோன உறவுக்காரரின் கை மட்டும் தெரிகிறது. 2004-ம் வருஷத்தின் சிறந்த பத்திரிகைப் படம் என்று வேர்ல்ட் பிரஸ் போட்டோ அதற்குத்தான் விருது கொடுத்தது. நம் கடற்கரையில் நடந்ததை உலகம் முழுக்க அந்த ஒரு படம் சொன்னது. தத்தா அன்றைக்குக் கேமராவை மூடி வைத்திருந்தால் யாருக்கு லாபம்? எடுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மாமாவும் அப்படித்தான் சொன்னார். "அந்தத் தைரியம் எனக்குக் கெடையாது. அது வேற சோலி. நான் கல்யாண வீட்டுக்காரன்" என்றார்.

1984 டிசம்பர் போபால் விஷவாயுப் படமும் அப்படித்தான். மண்ணுக்குள் பாதி புதைந்த அந்தக் குழந்தையின் முகத்தை ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பார்த்தலமியூவும் எடுத்தார். உலகமே பார்த்த முகம். பெயர்தான் தெரியாது. மாமாவின் டப்பாக்களில் இருப்பதோ நேர் தலைகீழ். பெயர், ஊர், தேதி எல்லாம் உண்டு. முகத்தை யாரும் பார்த்ததில்லை.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து அவர்கள் ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்ததை நானும் பார்த்தேன். அலை வந்த வீடுகளில் ரேஷன் கார்டு போயிற்று, பாத்திரம் போயிற்று, சுவரில் மாட்டின படங்களும் போயின. செத்துப்போன பிள்ளையின் ஒரு படம்கூட வீட்டில் இல்லை. அப்போதுதான், போன வருஷம் கோயில் திருவிழாவில் எடுத்தானே, புதுநன்மைக்கு எடுத்தானே, அந்த வடசேரி போட்டோக்காரனிடம் இருக்குமா என்று ஞாபகம் வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு நம்பர் தெரியாது, ரசீது கிடையாது. "வெள்ளை கவுன் போட்டிருந்தா", "மெழுகுதிரி பிடிச்சிருந்தான்" என்பார்கள். அந்தப் படத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைக் கவுன்தான், எல்லாப் பிள்ளைகளும் மெழுகுதிரிதான்.

மாமா நெகட்டிவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருக்குமே, அது அவருக்கு ஒரு பொருட்டில்லை. கண்டுபிடித்து, கலர் லேபுக்குக் கொடுத்து, பெரிதாக்கி, கவரில் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம். லேபுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போனது. மாமி கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலி அந்த வருஷம்தான் காணாமல் போனது. பள்ளிக்கூடத்து வயசில் எனக்கு அதை முடிச்சுப்போடத் தெரியவில்லை. இப்போது பேரேட்டின் காலிப் பத்தியைப் பார்த்தபோது ஐந்தொகை சரியாகிவிட்டது. நிமிர்ந்து மாமியைப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்க? அடகுதான். திருப்பியாச்சு" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அதுல ஒண்ணுதான் மனசுல கெடக்கு" என்றார் மாமா. "2004 மே மாசம். பதினாலு பிள்ளைகள். குரூப்பு. ரெண்டாவது வரிசையில ஒரு பிள்ளை. முன்னால நின்னவ தலை இந்தப் பிள்ளையோட மொகத்துல பாதிய மறைச்சிருச்சி. எட்டு வயசு. அவ அம்மைக்கு அந்தப் பாதி மொகத்தத்தான் பெருசாக்கிக் கொடுத்தேன். அதுவும் கலங்கிப்போய் இருந்துது. ஒண்ணுஞ் சொல்லாம வாங்கிட்டுப் போனா. குரூப்புன்னா நான் எப்பவும் ரெண்டு அடிப்பேன்டே. ஒருத்தன் கண்ண மூடினாலும் மத்ததுல தெறந்திருப்பான். அன்னைக்கும் ரெண்டாவது அடிச்சிருக்கணும். ஆனா கவர்ல அது இல்ல. எத்தனை நாளு தேடியிருப்பேன்!"

எனக்குக் கணக்குப் புத்தி. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்றால் முப்பத்தாறும் எங்கேயாவது இருந்தாக வேண்டும். பற்று இருந்தால் வரவும் இருக்க வேண்டாமா? அந்தக் கவரை எடுத்து எண்ணினேன். நான்கு நான்காக வெட்டின துண்டுகள். 24-ம் நம்பரோடு நின்றுவிட்டது. 24-தான் அந்த குரூப். அப்படியானால் 25 அடுத்த துண்டில் முதலாவது. பேரேட்டில் மறுநாள் தேதியைப் பார்த்தேன். ஒரு கல்யாணம். பிலிம் விற்ற விலையில் மிச்ச ரோலை யார் வீணாக்குவார்கள்? கல்யாணத்தை அதே ரோலில் தொடர்ந்திருக்கிறார். லேபில் வெட்டி வந்தபோது, 25 முதல் 28 வரை உள்ள துண்டு, மூன்று படம் கல்யாணம் என்பதால் கல்யாணக் கவருக்குள் போய்விட்டது.

முப்பத்திரண்டாவது பெட்டி. மாங்கல்யதாரணத்துக்கு முன்னால், ஆரஞ்சு நிறத்தில், பதினான்கு சின்னத் தலைகள்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "வெயில்ல பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா?" என்று மாமி கத்தினாள். நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிரிக்கா" என்றார். "முன்னால உள்ளவ தலையச் சாச்சிருக்கா. இவ முழுசாத் தெரியா. பல்லு ஒண்ணு இல்ல பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லாப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன்மேல் நெகட்டிவை வைத்து, செல்போனில் எடுத்து, நிறங்களைத் தலைகீழாக்கினேன். ஆமாம். சிரித்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது.

உடனே பிரின்ட் போட்டு ஓடிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாமா தடுத்தார். "இருபது வருசமா அந்தப் பாதி மொகத்த வச்சுச் செபம் பண்ணிட்டு இருக்கா. மனசு ஒரு மாதிரி அடங்கியிருக்கும். இப்பப் போயி நாம கிண்டிவிடவா?" என்றார். மூன்று நாள் அதே பேச்சு. எனக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் முடிவு சொன்னது மாமிதான். "அவ பிள்ளை. அவ பாக்கட்டும். வேண்டாம்னா அவ சொல்லட்டும். ஒங்க ரெண்டு பேருக்கும் அதுல என்ன?"

போனோம், மாமியும் கூட. பழைய ஊரில் அவர்கள் இல்லை, கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த சுனாமி குடியிருப்பில் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மாமாவை அடையாளம் தெரியவில்லை. "போட்டோக்காரரு" என்றதும் எழுந்து நின்றுவிட்டார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாதி முகம், சின்ன சீரியல் பல்பு மாலையோடு.

மாமா கவரை நீட்டினார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். துண்டு, லேபு, இருபத்தைந்தாம் நம்பர் என்று எதையோ உளறினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு விழுந்திருந்துல்லா..." என்றார். "கூரைல எறிஞ்சா. எனக்கு மறந்தே போச்சே மக்களே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கட்டன்காப்பி கொண்டுவந்தாள். அதன்பிறகு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தார். இது யார் மகள், இவன் இப்போது கப்பலில் இருக்கிறான், இவளுக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை, முன்னால் தலையை நீட்டிக்கொண்டு நின்றவளுக்கு இரண்டு பிள்ளைகள், இவன் அன்றைக்கே போய்விட்டான், இவளும்தான்.

"எழுதுடே" என்றார் மாமா என்னிடம்.

கவரின் பின்பக்கம் எழுதினேன். பதினான்கில் பன்னிரண்டு பெயர் வந்தது. மற்ற இரண்டு யார் என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும், ஆனால் மத்தியானம் தூங்குவாள், நாலு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பாள் என்றார்கள்.

மணி அப்போது இரண்டே கால். திண்ணையில் உட்கார்ந்தோம்.